காலிக் கட்டமும் பூஜ்யமும்

அரசுகள் தங்கள் கணக்குகளையும் புள்ளிவிவரங்களையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைப்பது பற்றி, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபம். கோபம் இல்லாதவற்றில் கேலி. ஓர் அரசுப் புள்ளிவிவரப் பிரிவில் அட்டவணை தயாரிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவள் நான். இரண்டுமே எனக்குப் பழக்கம்தான்.

அரசு தன்னைப் பற்றித் தானே வெளியிடும் தகவலை எதற்கு நம்ப வேண்டும்? தனக்குச் சாதகமானதைத்தானே போடும்?
- ஒரு கணக்கு ஆசிரியர்

நம்பச் சொல்லி யார் கேட்டார்கள்? சரிபார்க்கத்தான் வெளியிடுகிறார்கள், அல்லது அதற்காகத்தான் வெளியிட வேண்டும். பொய்யான எண்ணை உருவாக்குவது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒவ்வோர் எண்ணுக்கும் சொந்தபந்தம் உண்டு. விலைவாசி எண்ணை அமுக்கினால் கூலி, வரி வசூல், விற்பனை எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்த எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது.

அர்ஜென்டினாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2007 தொடக்கத்தில் அங்குள்ள தேசியப் புள்ளிவிவர நிறுவனத்தில் விலைக் குறியீட்டைக் கவனித்து வந்த அதிகாரியை மாற்றினார்கள். அதற்குப் பிறகு பணவீக்கம் தாளில் மட்டும் குறைய ஆரம்பித்தது. அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பெர்ட்டோ கவாலோ என்ற பொருளியலாளர் சூப்பர் மார்க்கெட்டுகளின் இணையதளங்களில் இருந்த விலைகளை நாள்தோறும் சேகரித்துப் பார்த்தார். 2007 முதல் 2011 வரை அவர் கணக்கில் விலையேற்றம் ஆண்டுக்குச் சராசரியாக 20 சதவீதம். அரசு சொன்னது 8 சதவீதம் அளவுக்கு. 2011இல் சொந்தமாகப் பணவீக்கம் கணித்து வெளியிட்ட தனியார் பொருளியல் ஆலோசகர்களுக்கு அரசு அபராதம் போட்டது. 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம், சரியான புள்ளிவிவரம் தரவில்லை என்று அந்த நாட்டைக் கண்டித்தது. நிதியத்தின் வரலாற்றில் அப்படி ஒரு கண்டனம் அதுதான் முதல் முறை. ஆட்சி மாறி, எண்களைத் திருத்தி, 2016 இறுதியில்தான் அந்தக் கண்டனம் நீங்கியது.

இதில் நான் கவனிப்பது அபராதத்தை. வெளியாட்கள் கணக்குப் போடக்கூடாது என்று ஓர் அரசு சொல்லும் நாளில் அதன் சொந்தக் கணக்கைப் பற்றி வேறு விசாரணையே தேவையில்லை. பொதுவாக நான் பார்ப்பதும் இதைத்தான்: எண்ணை வெளியிட்டவர், அதைச் சோதிப்பவரை எப்படி நடத்துகிறார்? கூடவே கச்சாத் தரவைக் கொடுத்து, எப்படிக் கணக்கிட்டோம் என்பதையும் எழுதிவைக்கிற அலுவலகம் பொய் சொல்ல விரும்பினாலும் ரொம்ப தூரம் போக முடியாது.

அரசுத் தரவு இணையதளத்தில் ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருக்கின்றன. என் ஆய்வுக்கு வேண்டியது மட்டும் இல்லை. இருப்பதும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். இது வெளிப்படைத்தன்மையா, கண்கட்டு வித்தையா?
- முதுகலை மாணவி

இரண்டும் கலந்தது. அமெரிக்க அரசு 2009 மே மாதம் தன் தரவு இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் இருந்தவை 47 தொகுப்புகள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டன் வந்தது, 2012இல் இந்தியா வந்தது, அப்புறம் யார் தளத்தில் எத்தனை கோப்பு என்று ஒரு போட்டியே தொடங்கிவிட்டது. எண்ணிக்கையைச் சாதனையாக அறிவித்தால் என்ன ஆகும் என்று எந்த அலுவலக உதவியாளரும் சொல்லிவிடுவார். ஒரே அட்டவணையை மாவட்ட வாரியாக வெட்டி முப்பது கோப்பாக ஏற்றுவார்கள். ஒரு வேலை முப்பது வேலையாகிவிடும்.

வைய விரிவு வலையை (www) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010இல் இதற்கு ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்று சொன்னார். யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு எந்த வடிவில் போட்டாலும், ஸ்கேன் செய்த படமாக இருந்தாலும், ஒரு நட்சத்திரம். எக்ஸெல் மாதிரி கணினி படிக்கக்கூடிய அட்டவணை என்றால் இரண்டு. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பியிராத சிஎஸ்வி மாதிரி வடிவம் என்றால் மூன்று. மேலே இருக்கும் இரண்டும் தரவுகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு. உங்கள் பிடிஎஃப்புக்கு உரிமம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

ஆனால் வடிவம் மட்டும் பிரச்சினை இல்லை. இணைக்கும் எண்ணை எடுத்துவிட்டால் எவ்வளவு சுத்தமான அட்டவணையும் ஊமைதான். இந்தியாவில் யார் கொடுத்தார் என்று வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்து விவரங்களை வெளியிடச் சொன்னது நினைவிருக்கும். மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்றில் வாங்கியவர் பெயர், தேதி, தொகை. இன்னொன்றில் பணமாக்கிய கட்சியின் பெயர், தேதி, தொகை. இரண்டும் உண்மை, இரண்டும் முழுசாகத்தான் தெரிந்தன, இரண்டையும் சேர்த்துப் படிக்க மட்டும் வழியில்லை. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதுதானே கேள்வி? ஒவ்வொரு பத்திரத்திலும் தனி எண் உண்டு. அதையும் கொடு என்று நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகு மார்ச் 21 அன்று அந்த எண்களோடு பட்டியல் வந்தது. உடனே செய்தியாளர்களும் கணினி தெரிந்த சாதாரண மக்களும் இரண்டையும் பொருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: "தரவு வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்தப் பட்டியலில் எந்தப் பத்தி (நெடுவரிசை) வேண்டும் என்று எழுதுங்கள். பள்ளிக் குறியீட்டு எண், ஒப்பந்த எண், கிராமக் குறியீடு. மறுக்கும் அலுவலர் அப்போது அந்தப் பத்தியை ஏன் எடுத்தோம் என்று காரணம் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதுவது பலருக்குக் கஷ்டம்.

நான் அரசு ஊழியர். உள்ளதை உள்ளபடி வெளியிட்டால் ஒரு சிறு தவறைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் கிழிக்கிறார்கள். வெளியிடாமல் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. நேர்மைக்கு இதுதான் பரிசா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

உங்கள் கடிதம்தான் இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. இதைச் சொல்ல ஆள் இல்லை.

தவறு வரும். 2020இல் இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். காரணம் சதி இல்லை. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மீதி அப்படியே விழுந்துவிட்டது. தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது, ஆகவே இது சாதாரணத் தவறு இல்லை. ஆனாலும் எத்தனை பேர், எந்தத் தேதிகள், எதனால் என்று வெளியே சொன்னார்கள். பத்திரிகைகள் கிழித்தன. கிழிக்கத்தான் செய்யும். ஆனால் விடுபட்ட எண்ணிக்கை தெரிந்ததால்தான் அந்த வாரத்து வரைபடத்தை ஆராய்ச்சியாளர்கள் திருத்தி வாசிக்க முடிந்தது.

திருத்தம் வேறு, தவறு வேறு. இதை மக்களுக்குச் சொல்லிக் கொடுக்காததில் நம் தரப்பு அலட்சியமும் உண்டு. அமெரிக்காவின் மாதாந்திர வேலைவாய்ப்பு எண் மூன்று முறை வெளியாகும். முதல் முறை வரும்போது எல்லா நிறுவனங்களும் பதில் அனுப்பியிருக்காது. தாமதமாக வருகிற பதில்களைச் சேர்த்து அடுத்த இரண்டு மாதங்களில் திருத்துவார்கள். பல காலமாக நடக்கும் நடைமுறை இது. 2025 ஆகஸ்ட் 1 அன்று மே, ஜூன் மாதங்களின் கணக்கைச் சேர்த்து 2,58,000 வேலைகள் குறைத்துத் திருத்தினார்கள். அன்றைக்கே தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் தலைவர் எரிக்கா மெக்என்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவியிலிருந்து நீக்கினார், எண்களை வேண்டுமென்றே கெடுத்தார்கள் என்று சொல்லி. அதற்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. கிரேக்க நாட்டின் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரியாஸ் ஜியார்ஜியு இன்னும் அதிகம் பட்டார். 2009ஆம் ஆண்டின் அரசு பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 15.4 சதவீதம் என்று 2010இல் அவர் தலைமையில் கணக்கிட்டார்கள். ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. உள்ளூரில் அவர்மீது ஆண்டுக்கணக்கில் வழக்குகள்.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். நான் வேலை செய்த இடத்தில் மாதாந்திர நோய் அறிக்கை வராத வட்டங்களுக்கு அட்டவணையில் பூஜ்யம் போடச் சொல்வார்கள். காலியாக விட்டால் "ஏன் வரவில்லை?" என்று மேலே கேட்பார்களாம். பூஜ்யம் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மாதம் அந்த வட்டத்தில் ஒரு நோயாளிகூட இல்லை என்று அர்த்தமாகிவிடும். அதை வைத்து அங்கே மருந்தைக் குறைப்பார்கள். நான் காலியாகவே விட்டு, கீழே "அறிக்கை வரவில்லை" என்று குறிப்புப் போட்டு அனுப்புவேன். திட்டு விழுந்தது. ஆனால் சில மாதங்களில் அந்த வட்டங்களிலிருந்து அறிக்கை ஒழுங்காக வரத் தொடங்கியது. குறிப்பில் தங்கள் பெயர் வருவது யாருக்கும் பிடிக்காது அல்லவா?

நீங்களும் மூன்று காரியம் செய்துபாருங்கள். முதல் வெளியீட்டில் "தற்காலிகமானது" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள். அடுத்த திருத்தம் எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். தேதி சொல்லி வரும் திருத்தத்தைப் பார்த்து யாரும் பெரிதாகக் கத்துவதில்லை. பழைய எண்ணை அழிக்காமல் புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பழைய கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவைக்கும் அலுவலகம்தான் ஒருநாள் மாட்டிக்கொள்ளும். யாரோ ஒருவர் நகல் வைத்திருப்பார்.

இன்னொன்று. உங்கள் எண்ணை அமைச்சரோ எதிர்க்கட்சியோ திரித்துச் சொன்னால் அதைத் திருத்திச் சொல்ல உங்கள் அலுவலகத்துக்கு உரிமை உண்டு. 1994இல் ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கொள்கைகளில் நான்காவது இதுதான். 2014இல் பொதுச்சபையும் அங்கீகரித்தது. எத்தனை அலுவலகம் இதைப் பயன்படுத்தியது என்று கேட்காதீர்கள்.

எண்களை வண்ணப் படங்களாகக் காட்டும் அரசு இணையப் பக்கங்கள், அதாவது டேஷ்போர்டுகள், பற்றி உங்கள் கருத்து?
- மென்பொருள் துறை வாசகர்

அழகாக இருக்கின்றன. "பதிவிறக்கு" பொத்தானும் கடைசியாகப் புதுப்பித்த தேதியும் இல்லாத டேஷ்போர்டை விளம்பரப் பலகை என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறம் எந்த அளவுக்கு மேலே, சிவப்பு எதற்குக் கீழே என்பதையும் தேடிப்பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் அந்த எல்லையை மாற்றியதும் மாநிலமே ஒரே இரவில் பச்சையாகிவிட்டது.

இந்த வெளிப்படைத்தன்மை எல்லாம் கணினி வந்த பிறகு வந்த ஃபேஷன்தானே?
- ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

இல்லை ஐயா. அரசுக் காகிதங்களைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று ஸ்வீடன் சட்டம் போட்டது 1766இல். அப்போது மின்விளக்குகூடக் கிடையாது. அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டம் 1966, இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கணினி வந்து மாற்றியது, கேட்டால் கொடுப்பது என்பதைக் கேட்காமலே போட்டுவைப்பது என்று. இந்தியச் சட்டத்தின் நான்காவது பிரிவே அதைத்தான் கட்டாயமாக்குகிறது. அதை ஒழுங்காகச் செய்திருந்தால் மனுக்களில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

எல்லாவற்றையும் வெளியிடு என்கிறார்கள். என் மருத்துவ விவரம், என் பயண விவரம் எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடாதா? பெயரை நீக்கிவிட்டோம் என்றால் போதுமா?
- இல்லத்தரசி

போதாது. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லத்தான்யா ஸ்வீனி என்ற மாணவி வாக்காளர் பட்டியலை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இரண்டிலும் இருந்தன. அந்த மூன்றை வைத்தே மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். நியூயார்க்கில் 2014இல் வேறு மாதிரி. 2013இன் டாக்ஸி பயணங்கள் 17 கோடிக்கும் மேலானவை வெளியாயின. வண்டி எண்களை ஒரு குறியீட்டு முறையால் மறைத்திருந்தார்கள். ஆனால் டாக்ஸி எண்களின் அமைப்பு குறுகியது, மொத்தம் எத்தனை வகையில் வரலாம் என்று எண்ணிவிடலாம். ஒரு பொறியாளர் எல்லாவற்றையும் கணித்து மறைப்பைச் சில மணி நேரத்தில் உடைத்துவிட்டார். பிரபலங்கள் டாக்ஸி ஏறும் புகைப்படங்களோடு ஒப்பிட்டு அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்றுகூட வேறொருவர் காட்டினார்.

ஆகவே தனிமனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்று இருக்கும் தரவை அப்படியே போடக்கூடாது. கூட்டுத் தொகையாகப் போட வேண்டும். ஓர் ஊரில் அந்த நோய் இருப்பவர் இரண்டே பேர் என்றால் "ஐந்துக்கும் குறைவு" என்று எழுத வேண்டும். இதெல்லாம் தெரிந்த, பழகிய வேலைதான்.

ஆனால் தனியுரிமை என்ற பெயரில் கதவைச் சாத்துவதும் நடக்கிறது, அதில்தான் எனக்கு எரிச்சல். நோயாளியின் விவரம் வேறு, பொதுப் பணத்தில் சம்பளமோ ஒப்பந்தமோ வாங்குபவரின் விவரம் வேறு. இந்தியாவில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. பொதுப் பணிக்குச் சம்பந்தமில்லாத விவரமா, பொதுநலன் பெரிதா என்று எடைபோடச் சொன்ன வரிகள் போய், "தனிநபர் தொடர்பான தகவல்" என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கியது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதைத் தானாக எடுத்துப் பயன்படுத்தும் அலுவலரைத் தேட வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டில் 8(2)ஐ நீங்களே எழுதிக் கேளுங்கள்.

இவ்வளவு வெளியிட்டும் மக்களுக்கு அரசுமீது நம்பிக்கை கூடிய மாதிரி தெரியவில்லையே? எங்கே கோளாறு?
- நூலகர்

கூடும் என்று யார் வாக்குக் கொடுத்தது? நெதர்லாந்திலும் தென்கொரியாவிலும் ஒரே சோதனையை நடத்தி 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. வெளிப்படையாகச் சொல்வதால் நம்பிக்கைமீது ஏற்படும் பாதிப்பு சொற்பம், சில சமயம் எதிர்மறை என்பது அதன் முடிவு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 2009இல் பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு கசிந்தபோது பொதுப்பணத்தில் என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்று ஊரே படித்தது. படித்துவிட்டு யாருக்கு நம்பிக்கை கூடும்? பிறகு நாடாளுமன்றம் அதிகாரபூர்வமாக வெளியிட்ட பிரதியில் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை. அதனால் இன்னும் கொஞ்சம் போயிற்று.

நம்பிக்கை கூடினால் நல்லது, குறைந்தாலும் பரவாயில்லை என்பேன். தகுதியில்லாத அலுவலகத்தின்மீது நம்பிக்கை குறைவதும் வெளியீட்டின் பலன்தான். தத்துவப் பேராசிரியர் ஒனோரா ஓநீல் 2002இல் பிபிசி உரைகளில் இதைத்தான் வலியுறுத்தினார். நம்பிக்கையை வளர்ப்பது நம் வேலை இல்லை, நம்பத் தகுந்தவரையும் தகாதவரையும் பிரித்தறிய வழி செய்வதுதான் வேலை என்பது அவர் பேச்சின் சாரம். கொள்கை வகுப்பவர்கள் நம்பிக்கையை ஒரு விற்பனை இலக்கு மாதிரி பேசும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

கோளாறு எங்கே என்று கேட்டீர்கள். என் பார்வையில், வெளியிடும் எண் அதைச் சரிபார்க்கக்கூடிய ஆளிடம் போய்ச்சேருவதில்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற இடத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. எந்த டேஷ்போர்டும் இல்லை. அரசு வேலைத்தளங்களின் வருகைப் பதிவேட்டைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். கூலி வாங்கியதாகப் பெயர் வந்தவர்கள் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லை என்றார்கள். முடிந்ததாகச் சொன்ன கட்டடம் இன்னும் முடியவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிவேட்டைத் தலைநகரில் உட்கார்ந்து எத்தனை தணிக்கையாளர் பார்த்தாலும் கையெழுத்தும் கூட்டலும் சரியாக இருந்திருக்கும். பத்து வருடம் கழித்து வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான்.

உகாண்டாவிலும் இதே பாடம். 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கு மத்திய அரசு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. அரசு, எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட்டது, பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. செய்தித்தாள் மட்டுமே காரணமில்லை, அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வாதம் வந்தது. நியாயமான வாதம். ஆனால் தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாமல் இருந்திருந்தால் யார் போய்க் கேட்டிருப்பார்கள்?

இன்னொரு வழி, வெளியிடாவிட்டால் செல்லாது என்று ஆக்குவது. ஸ்லோவாக்கியாவில் 2011 முதல் அரசு ஒப்பந்தம் இணையத்தில் ஏறிய பிறகுதான் நடைமுறைக்கு வரும். ஒப்பந்ததாரரே அலுவலகத்துக்குப் போன் போட்டு "ஏற்றிவிட்டீர்களா?" என்று கேட்க வேண்டியதாகிவிடும். மெச்ச வேண்டிய குயுக்தி.

சாதாரண ஆள் எங்கிருந்து தொடங்குவது? எனக்குப் புள்ளியியல் தெரியாது.
- தையல் தொழிலாளி

புள்ளியியல் வேண்டாம். உங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்த ஒன்றைப் பற்றிய அட்டவணையை எடுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் எத்தனை ஆசிரியர், எத்தனை கழிப்பறை. உங்கள் தெருவில் எத்தனை விளக்கு. அந்த ஒரு வரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைநகரில் இருக்கும் நிபுணரைவிட அந்த வரியில் உங்களுக்கு ஞானம் அதிகம்.

அப்புறம் தேதியைப் பாருங்கள். எந்த மாதத்துக் கணக்கு, எப்போது ஏற்றியது. "பயனாளி" என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்: விண்ணப்பித்தவரா, அனுமதி பெற்றவரா, பணம் கையில் வந்தவரா? பெரும்பாலான வாய்ச்சண்டை இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். பூஜ்யம் நிறைய இருந்தால் சந்தேகப்படுங்கள், ஏன் என்று மேலே எழுதிவிட்டேன்.

பார்த்த பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். இணையப் பக்கங்கள் நிரந்தரமில்லை. 2025 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பக்கங்களும் தரவுகளும் பல திடீரென்று காணாமல் போயின. பிப்ரவரியில் நீதிமன்றம் தலையிட்டுத் திரும்பப் போடச் சொன்னது. இடைப்பட்ட நாட்களில் கைகொடுத்தது தனி ஆட்களும் அமைப்புகளும் சேமித்து வைத்திருந்த நகல்கள்தான்.

தவறு கண்டால் பேஸ்புக்கில் போடுவதற்கு முன்னால் அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, அங்கே என்ன இருக்கிறது, உண்மையில் என்ன. நான்கு வரி போதும். பதில் வந்தால் அந்த அலுவலகத்தை இனி கொஞ்சம் நம்பலாம். திருத்தி, திருத்தியதாகவும் அறிவித்தால் நன்றாகவே நம்பலாம். வராவிட்டால் பேஸ்புக் எங்கேயும் போய்விடாது.

நீங்களே தயாரித்த எண்களை நீங்கள் நம்பினீர்களா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
- வங்கி ஊழியர்

சிலவற்றை. களத்துக்குப் போய் வந்தவரின் பெயர், தேதி, கையெழுத்தோடு வந்த விலை விவரங்களை நம்பினேன். அவற்றில் அடித்துத் திருத்தியிருக்கும், ஓரத்தில் "கடை பூட்டியிருந்தது" என்று எழுதியிருக்கும். அந்த அழுக்குதான் உத்தரவாதம். பிறப்பு, இறப்புப் பதிவில் பிறப்பை நம்பினேன், இறப்புக்கான காரணம் என்ற பத்தியைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படித்தேன். "மாரடைப்பு" என்று எழுதுவது எல்லோருக்கும் சுலபம்.

நம்பாதது, இலக்கும் சாதனையும் ஒரே எண்ணாக வருகிற அட்டவணையை. எல்லா வட்டத்திலும் 100 சதவீதம் என்று வந்தால் போனை எடுப்பேன். பெரும்பாலும் மறுமுனையில், "மேடம், மேலே இருந்து என்ன வந்ததோ அதைத்தான் போட்டோம்" என்பார்கள். வெளியீட்டில் அந்த 100 சதவீதத்தை என்னால் தடுக்க முடிந்ததில்லை. கீழே "களச் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்ற வரியைச் சேர்க்க மட்டும் முடிந்தது. அந்த வரி இன்னும் அந்த அட்டவணையில் வருகிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள். களச் சரிபார்ப்பு நடந்ததா என்று யாராவது ஒரு மனு போட்டுக் கேட்டால் பதிலைப் படிக்க எனக்கும் ஆசை.